கை வைக்காத ஒயின்

திராட்சையைத் துடைச்சுத் திங்காதீங்க தம்பி. துடைச்சாப் போகாது, கர்ச்சீப்புதான் வீணாப் போகும். கழுவினாலும் மேல ஒட்டியிருக்கிறதுதான் போகும், உள்ள ஏறினது ஏறினதுதான். பயப்படாமச் சாப்பிடுங்க. எங்க பக்கத்துத் திராட்சைன்னா அநேகமா நான் வித்த மருந்தாத்தான் இருக்கும். கம்பத்துல உரக்கடை வச்சிருக்கேன். சுருளிவேல்னு பேரு. இந்தப் பள்ளத்தாக்குல எந்தக் கொடியில எந்தப் பூச்சி வந்து உக்காந்தாலும் மொத போன் எனக்குத்தான் வரும்.

குமுளி வரைக்குமா போறீங்க? சரி சரி, இன்னும் நேரம் கெடக்கு. நான் கம்பத்துல இறங்கிருவேன்.

தேனி பஸ் ஸ்டாண்டுல அந்தப் பழக்காரம்மாகிட்டக் கேட்டீங்கள்ல, மருந்தில்லாத திராட்சை இருக்கான்னு. அதுவும் "இதுதேன் சார்"னு எடுத்துக் குடுத்துச்சு. பின்னாடிதான் நின்னுக்கிட்டு இருந்தேன். சிரிப்பை அடக்க முடியல. மருந்தில்லாத திராட்சையை நான் கண்ணால பாத்திருக்கேன் தம்பி. ஜெர்மனியில. எங்க மாப்பிள்ளை தோட்டத்துல. பாத்துட்டு வந்து இந்த ஒரு வருசமா எனக்கு வீட்டுச் சோறு ஒழுங்காக் கிடைக்கல. அதைச் சொல்றேன் கேளுங்க.

எனக்கு ஒரே பொண்ணு, ஜீவரேகா. பாப்பான்னுதான் கூப்பிடுவேன். புளிக்க வைக்கிற ஈஸ்ட்டைப் பத்திப் படிக்கப் போறேன்னு ஜெர்மனிக்குப் போனா. போன எடத்துல ஈஸ்ட்டே போடாம ஒயின் செய்யிற ஒருத்தரைக் கட்டிக்கிட்டா. வெண்டலின்னு பேரு. என் சம்சாரம் பவுன்தாய் வாயில அது வெண்டையாத்தான் வரும். அதுக்கும் அந்த மனுசன் திரும்பிப் பாப்பாரு. நல்ல மனுசன், அதை நான் இல்லேங்கல. விவரம்தான் பத்தாது.

போன வருசம் அறுவடையைப் பாக்க வாங்கன்னு எங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டாக. ரைன் ஆத்துக்கு மேக்க, சரிவுல ஒரு ஊரு. பேரு எனக்கு வராது. இறங்கின அன்னிக்கே பயணக் களைப்பைக்கூடப் பாக்காம கொடிக்குள்ள நுழைஞ்சேன். வயிறு எரிஞ்சு போச்சு தம்பி. கொடிக்கு அடியில முழங்கால் ஒசரத்துக்குப் புல்லு. புல்லுக்குள்ள பூவு. பூவுக்குள்ள வண்டு. எலைக்கு எலை சிலந்தி வலை. இதுக்குள்ள ஆடு வேற மேயுது, யாரும் விரட்டல, கேட்டா அது சொந்த ஆடாம். கொத்தைப் பாத்தா உள்ளங்கையில அடங்கிரும். அதுலயும் ஒரு பழம் பெருசு, ஒரு பழம் சிறுசு, ஒரு பழம் மேல பழுப்பா ஏதோ படர்ந்திருக்கு. நம்ம பக்கம் கொத்தை மருந்துல முக்கி எடுத்தா அச்சுல வார்த்த மாதிரி நிக்கும்ல, அதைப் பாத்த கண்ணுக்கு இது எப்படி இருக்கும் சொல்லுங்க.

என்ன மருந்து அடிக்கிறீங்க மாப்பிள்ளைன்னு கேட்டேன். பாப்பாதான் மொழிபெயர்த்தா. கொஞ்சம் செம்பு, கொஞ்சம் கந்தகம், அதுவும் தேவைப்பட்டாத்தானாம். மத்தபடின்னேன். மத்தபடி பாத்துக்கிட்டே இருப்பேன்னாரு. பாத்துக்கிட்டே இருக்கிறதுக்குப் பேரு விவசாயமா? அந்த ஆடும்தான் பாத்துக்கிட்டே இருக்கு.

வெளியிலதான் அப்படின்னா நிலவறைக்குள்ள அதுக்கு மேல. பழத்தைப் பிழிஞ்சு சாறைப் பீப்பாயில ஊத்திட்டு, அவ்வளவுதான், விட்டுருவாராம். ஈஸ்ட் போட மாட்டாரு. தோல்லயும் காத்துலயும் இருக்கிற ஈஸ்ட்டே வந்து வேலை செய்யுமாம், கூப்பிடாமயே. சர்க்கரை சேக்க மாட்டாரு. வடிகட்ட மாட்டாரு. பாட்டில்ல அடைச்சா அடியில கசடு நிக்குது, மேல பழைய சோத்துத் தண்ணி மாதிரி கலங்கலா இருக்கு. அதைக் குறைன்னு சொன்னா ஒரு நியாயம் இருக்கு. அதைப் பெருமைங்கிறாய்ங்க.

இதுக்கு ஏதோ ஒரு பேரு சொன்னா பாப்பா. தமிழ்ல சொல்லும்மான்னேன். "கை வைக்காம விடுறதுப்பா"ன்னு என் மூஞ்சியைப் பாத்துச் சொன்னா. ஏன் என் மூஞ்சியைப் பாத்துச் சொன்னான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல.

ஆனா ஒண்ணு, அந்த மனுசனுக்குத் தூக்கம் கிடையாது. விடிஞ்சும் விடியாம ஜன்னல் வழியாப் பாத்தா கொடிக்குள்ள நடந்துக்கிட்டு இருப்பாரு. மத்தியானம் ஒவ்வொரு கொத்தாத் தூக்கிப் பாத்து, கெட்ட பழத்தை மட்டும் விரலால கிள்ளிப் போட்டுக்கிட்டு இருப்பாரு. பொழுது சாஞ்சா பீப்பாய்மேல காதை வச்சுக் கேட்டுக்கிட்டு இருப்பாரு. கையெல்லாம் கீறல். எனக்குப் பாவமாப் போச்சு. ஒண்ணுமே செய்யாத ஆளுக்கு எதுக்குத் தம்பி இத்தனை அலைச்சல்? மருந்தை அடிச்சமா, காலை நீட்டிப் படுத்தமான்னு இருக்கலாம்ல.

சின்னமனூர் வந்திருச்சு. இங்க கூட்டம் ஏறும், பையை மடியில வச்சுக்கங்க.

ஒரு நாள் வாங்குறவுக வந்தாக. ஹாம்பர்க்காம், டென்மார்க்காம், எங்கெங்க இருந்தோ. கிளாஸைச் சுத்துறாய்ங்க, மூக்கை உள்ள விடுறாய்ங்க, வாயில வச்சுக் கொப்பளிக்கிறாய்ங்க, வாளியில துப்பிட்டு ஒருத்தரை ஒருத்தர் பாக்குறாய்ங்க. நம்ம வீட்டுல யாராவது குடுத்ததைத் துப்பினா விடுவமா? ஒரு பொம்பளை சொல்லுச்சு, மழையில நனைஞ்ச கல்லு வாசம் வருதுன்னு. இன்னொருத்தன் காஞ்ச புல்லுன்னான். தாடி வச்ச ஒருத்தன் ரொம்ப நேரம் கண்ணை மூடிட்டு, குதிரைன்னான். அதைக் கேட்டு மாப்பிள்ளை வெக்கப்படுறாரு. குடிக்கிற பொருள்ல குதிரை வாசம் வருதுன்னு சொன்னா அது பாராட்டு, அந்த ஊர்ல.

அப்புறம் என்னைக் காட்டி, இவரும் திராட்சை பூமிக்காரர், இவர் சொல்லட்டும்னாக. நான் ஒரு மடக்குக் குடிச்சேன். புளிப்பு தம்பி. காது வரைக்கும் ஏறுது. எந்திரிச்சு நின்னு சொன்னேன், "இதுல மருந்தும் இல்ல, சர்க்கரையும் இல்ல, ஒண்ணுமே இல்ல. அதான் ருசியும் இல்ல"ன்னு. பாப்பா அதை ஜெர்மன்ல எடுத்துச் சொன்னா, கடைசி வரிக்கு முன்னாடியே முடிச்ச மாதிரி இருந்துச்சு. எல்லாரும் கை தட்டினாய்ங்க. அந்தத் தாடிக்காரன் வந்து என் கையைப் பிடிச்சுக் குலுக்கிட்டுப் போனான். உள்ளதைச் சொன்னா எந்த ஊர்லயும் மதிப்பாய்ங்க, அதை அன்னிக்குத்தான் கண்ணால கண்டேன்.

பவுன்தாயைக் கேளுங்க. ஊர்ல இருந்தவரைக்கும் என்னைக் கேக்காம தேனிக்குக்கூடப் போக மாட்டா. அங்க போய், சம்பந்தியம்மா கெர்ட்ரூட்டோட பூட்ஸை மாட்டிக்கிட்டு, தலையில துண்டைக் கட்டிக்கிட்டு, கத்தரியும் கையுமாப் பழம் வெட்டப் போயிட்டா. அந்தம்மாவுக்குத் தமிழ் தெரியாது, இவளுக்கு ஜெர்மன் தெரியாது. ரெண்டு பேரும் நாள் பூராம் பேசுறாளுக. என்னத்தைப் பேசுனீகன்னு கேட்டா, "மருமகனைப் பத்தி"ங்கிறா. சாயங்காலம் ஆனா அந்தக் கலங்கல் ஒயினை ஒரு கிளாஸ் வாங்கிச் சொட்டுச் சொட்டாக் குடிச்சுட்டு, "நல்லாத்தேன் இருக்கு, நாக்குல கொஞ்ச நேரம் நிக்குது"ங்கிறா. என் முன்னாடியே. முப்பத்தஞ்சு வருசமாக் காப்பியில சர்க்கரை சரியா இருக்கான்னு என்கிட்டக் கேட்டவ.

இப்பத்தான் விசயத்துக்கு வர்றேன்.

நிலவறை மூலையில ஒரு பீப்பாய். மேட்டுச் சரிவுல மாப்பிள்ளையோட தாத்தா காலத்துக் கொடி கொஞ்சம் நிக்குது, அதுல இருந்து வந்த ரீஸ்லிங்னு ஒரு ரகத் திராட்சைச் சாறு மட்டும் அதுக்குள்ள. வருசத்துக்கு அந்த ஒரு பீப்பாய்தான் தேறும். வாங்க வந்தவுகள்ல டென்மார்க்காரன் ஒருத்தன் அதுக்குத்தான் சொல்லி வச்சுட்டுப் போயிருக்கான். நல்லாப் புளிச்சுக் கொதிச்சுக்கிட்டு இருந்துச்சு, கார்த்திகைக் குளிர் வந்ததும் நின்னு போச்சு. சத்தம் இல்ல, குமிழி இல்ல. பாப்பாவும் மாப்பிள்ளையும் காதை வச்சுப் பாத்தாக, நாக்குல விட்டுப் பாத்தாக, மூடிட்டு வந்துட்டாக.

"என்னம்மா செய்யப் போறீக?"ன்னேன்.

"ஒண்ணும் செய்யப் போறதில்லப்பா. சித்திரை வாக்குல வெயில் வந்தா தானா ஆரம்பிக்கும்."

"ஆரம்பிக்கலைன்னா?"

"அடுத்த சித்திரை."

சொல்லிட்டுச் சிரிக்கிறா. பாப்பாவுக்குச் சிரிப்பு, மாப்பிள்ளைக்குத் தோளைக் குலுக்குறது. பெத்தவனுக்குத் தூக்கம் வருமா? நம்ம கடைக்கு ஒருத்தன் வாடின செடியைத் தூக்கிட்டு வந்தா, ஏப்பா சித்திரை வரைக்கும் பாருன்னு சொல்லி அனுப்புவனா?

ஒரு ஞாயித்துக்கெழமை பக்கத்து ஊர்ல யாரோ சொந்தக்காரர் கல்யாணம்னு எல்லாரும் கிளம்பினாக. முட்டி வலிக்குதுன்னு நான் இருந்துக்கிட்டேன். வலிச்சது நெசம்தான். வலியோட வலியா எந்திரிச்சு அடுப்படிக்குப் போனேன். கெர்ட்ரூட் அம்மா ரொட்டிக்குப் போடுற ஈஸ்ட் ஒரு டப்பா இருந்துச்சு. பாப்பாவுக்குன்னு நாங்க கொண்டு போன மண்டைவெல்லம் அப்படியே கெடந்துச்சு. ரெண்டையும் வெந்நீர்ல கரைச்சேன். ஈஸ்ட்டுக்குத் தெம்பு வேணும்ல. கொண்டு போய் பீப்பாய் வாயைத் திறந்து ஊத்தி, ஒரு கம்பால கலக்கிவிட்டு, கம்பைக் கழுவி இருந்த எடத்துலயே வச்சுட்டு வந்துட்டேன்.

மறுநாள் காலையில பாருங்க. பொங்கு பொங்குன்னு பொங்கி, மூடியைத் தள்ளிட்டு, நுரை தரையெல்லாம் ஓடி வாசப்படி வரைக்கும் வந்திருச்சு. நின்னு போனது அது. ஓட வச்சது நான்.

பவுன்தாய்தான் மொதல்ல உள்ள வந்தா. வந்ததும் மூக்கைச் சுளிச்சுக்கிட்டு, "இதென்ன, எங்க ஊரு மலையடிவாரத்துல சாராய ஊறல் போட்ட மாதிரி நாறுது. எவன் வெல்லத்தைப் போட்டது?"ன்னா. கேட்டுட்டு என்னைத் திரும்பிப் பாத்தா. வேற யாரையும் பாக்கல. பொண்டாட்டிக்காரி மூக்கு எதுக்கு ஒதவுது பாருங்க.

மாப்பிள்ளை ஒரு கிளாஸ்ல கொஞ்சம் பிடிச்சு மோந்து பாத்தாரு. வாயில வைக்கல. தரையில ஊத்திட்டு, ஒரு பெட்டியைக் கவுத்துப் போட்டு அதுமேல உக்காந்துட்டாரு. நானும் ஏதாவது சொல்லுவாரு சொல்லுவாருன்னு நிக்கிறேன். எந்திரிச்சுக் கையைக் கழுவிட்டுக் கொடிக்குள்ள போயிட்டாரு. கூச்ச சுபாவம். நன்றி சொல்றதுக்குக்கூட அவருக்கு நாள் ஆகும்போலன்னு நினைச்சுக்கிட்டேன்.

பாப்பாதான் ஆடித் தீத்துட்டா. ரொட்டி ஈஸ்ட்டும் வெல்லமும் விழுந்ததை எங்க பேர் போட்டு ஒயின்னு விக்க முடியாதுப்பா, அவர் தாத்தா கொடிப்பா, ஒரு வருசம்ப்பாங்கிறா.

"நின்னு போனதைத்தானம்மா ஓட வச்சேன்"னேன்.

"அது நிக்கலப்பா. தூங்குச்சு. தூங்குறதை எழுப்பாம இருக்க உங்களால முடியவே முடியாதா?"

அதோட விட்டாளா? பழசையெல்லாம் இழுத்தா. பிளஸ் ஒன்ல அவ வரலாறு குரூப் கேட்டாளாம், நான் ஹெட்மாஸ்டரைப் பாத்து சயின்ஸுக்கு மாத்தினேனாம். மாத்தினதாலதான இன்னிக்கு ஜெர்மனியில இருக்கா? அதை யாரும் சொல்றதில்ல. அவ சிநேகிதப் பிள்ளைக போன் பண்ணினா நான் எடுத்து என்ன வேணும்னு கேப்பேனாம். கேக்கணும்ல, பெத்தவன். அம்மா கொழம்பு வச்சா நான் மூடியைத் திறந்து உப்புப் போடுவேனாம், அம்மா அதைத் தெரிஞ்சு அரை உப்புத்தான் போட்டு வைக்குமாம். இது எனக்குப் புதுசு. பவுன்தாயைப் பாத்தேன். அவ தரையைத் துடைச்சுக்கிட்டு இருந்தா, தலை தூக்கல. அப்ப முப்பத்தஞ்சு வருசமா உப்புச் சரியாப் போட்டது நான்தான்னு ஆகுதுல்ல. நான் இல்லைன்னா அந்த வீட்டுல அரை உப்புக் கொழம்புதான்.

விசா முடிய இன்னும் நாள் இருந்துச்சு. ஆனா குளிர் எனக்கு ஆகாதுன்னு பாப்பாவே முன்கூட்டி டிக்கெட்டை மாத்திட்டா. என்மேல அவ்வளவு அக்கறை. ஏர்போர்ட்டுல மாப்பிள்ளை என் பெட்டியை அவரே தூக்கிட்டு வந்தாரு, என்னைத் தூக்க விடல. பவுன்தாய் மட்டும் விசா முடியிற வரைக்கும் இருந்துட்டு வந்தா. முட்டி வலி எனக்கு, ஓய்வு அவளுக்கு.

வந்தவ கொஞ்சம் மாறித்தான் வந்தா. ஒரு நாள் கொழம்பு மூடியைத் திறந்தேன், "கையை எடுங்க"ன்னா. கோவமில்ல, சாதாரணமாத்தான் சொன்னா. நானும் எடுத்துட்டேன். சாப்பிட்டுப் பாத்தா உப்பு சரியா இருந்துச்சு. ஒரு தடவை அப்படி அமையும்.

உத்தமபாளையம். அந்தக் குழாயடிக்குப் பக்கத்துல போறாரே, வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, அவரு நம்ம வாடிக்கைதான். போன மாசம் கொடி பூராம் எலை கருகிப் போச்சு அவருக்கு. மருந்து கொஞ்சம் தூக்கலாப் போச்சு, அவ்வளவுதான்.

எங்க விட்டேன்? ஆங். இந்த வருசம் அறுவடை வந்துச்சு. திரும்பக் கூப்பிட்டாக. இந்தத் தடவை ஒருத்தருக்குத்தான் விசா கிடைக்குமாம். சட்டம் மாறிருச்சுன்னு பாப்பா சொன்னா. அந்த ஒருத்தர் பவுன்தாயாம். சட்டத்துல அப்படி என்ன இருக்கும்னு எனக்கு இன்னும் விளங்கல. தனியா விமானம் ஏறிப் போயிட்டா தம்பி. மதுரையில வழி அனுப்பப் போனேன். அங்க இறங்கினதும் இப்படிப் போ, இந்தக் கவுண்டருக்குப் போன்னு நான் சொல்லச் சொல்ல, "தெரியும், நீங்க பஸ்ஸைப் பிடிங்க"ன்னுட்டு உள்ள போயிட்டா. இப்ப நான் மெஸ்ஸுல சாப்பிடுறேன். அங்க கொழம்பு மூடியைத் திறந்தா அந்தாளு சத்தம் போடுறான்.

அந்தப் பீப்பாய் என்ன ஆச்சுன்னு கேக்கல பாருங்க நீங்க. கொட்டலை. அது பாட்டுக்குப் புளிக்க விட்டுட்டாரு மாப்பிள்ளை. புளிச்சுப் புளிச்சு வினிகர் ஆயிருச்சு. காடி, காடி. அந்தக் காடியை வச்சு பவுன்தாயும் கெர்ட்ரூட் அம்மாவும் என்னென்னமோ ஊறுகா போட்டு, சந்தையில கடை விரிச்சிருக்காக. காடியைத் தனியா பாட்டில்லயும் விக்கிறாக. அந்த ஒயினை விட இது வேகமாப் போகுதாம். தாடிக்காரன் கேட்டனுப்பியிருக்கானாம். நான் அன்னிக்கே சொன்னேன்ல ருசி இல்லைன்னு. வெல்லம் விழுந்த பெறகுதான் ருசி வந்திருக்கு.

பாட்டில் மேல என் பேரு தம்பி. நெசமா. தமிழ் எழுத்துல, பெருசா. பாப்பா போட்டோ அனுப்பியிருந்தா. அதுக்குக் கீழ ஜெர்மன்ல ஒரு வரி. என்னம்மா எழுதியிருக்குன்னு போன் போட்டுக் கேட்டேன். படிச்சுச் சொன்னா. "மாமனார் கை வைக்காமல் இருந்திருந்தால் இது ஒயினாகியிருக்கும்"னு இருக்காம். சிரிப்பை அடக்கிக்கிட்டுச் சொல்ற மாதிரி இருந்துச்சு, லைன் சரியில்லையோ என்னவோ. ஆனா பாத்தீங்களா, மாமனார்னு போட்டிருக்காரு. அத்தனை பேர் வாங்குற பொருள்ல. நம்ம ஊரு மாப்பிள்ளைக எவன் போடுவான்?

பேர் வச்சது யாருன்னு கேட்டேன். "அம்மா"ன்னா.

எங்க ஆளுகள்ல பொம்பளைக புருசன் பேரைச் சொல்ல மாட்டாக, உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. ரேஷன் கடையில கேட்டாக்கூட பவுன்தாய் பக்கத்துல நிக்கிறவகளைச் சொல்லச் சொல்லுவா. சுருளி அருவிக்குப் போகணும்னா "அந்த அருவிக்கு"ம்பா. கல்யாணம் ஆன நாள்ல இருந்து என் பேரு அவ வாயில வந்ததே இல்ல.

நேத்து ஒரு வீடியோ வந்துச்சு. சந்தை. பவுன்தாய் கம்பளிச் சட்டை போட்டுக்கிட்டு நிக்கிறா. முன்னாடி ஒரு வெள்ளைக்காரன் பாட்டிலைத் தூக்கி, இது என்னன்னு கேக்குறான். இவ அவன் மூஞ்சியை நேராப் பாத்து, "சுருளி"ங்கிறா. வேலும் இல்ல, ஒண்ணும் இல்ல. வெறும் சுருளி. அவன் திருப்பிச் சொல்லிப் பாக்குறான், தப்பாச் சொல்றான். இவ விடல. "சு, ரு, ளி"ன்னு நிறுத்தி நிறுத்திச் சொல்லிக் குடுக்குறா. பக்கத்துல நிக்கிற கெர்ட்ரூட் அம்மாவும் சேந்து சொல்லுது. வாங்க வந்தவுக எல்லாம் சொல்றாக.

சத்தத்தைக் கூட்டி வச்சு ரெண்டு மூணு தடவை பாத்தேன். இன்னும் கொஞ்சம் தள்ளி நின்னு எடுத்திருக்கலாம்னு பாப்பாகிட்டச் சொல்லணும்.

கம்பம் வந்திருச்சு. கொஞ்சம் காலை நகட்டிக்கங்க தம்பி, இறங்கிக்கிறேன்.